சிம்பன்சியும் நாமும்: எலும்பு மச்சை ஏன் எல்லோருக்கும் பொருந்துவதில்லை?



"அண்ணன்ர எலும்பு மச்சை தங்கச்சிக்குப் பொருந்தேல்லையாம், டொக்டர். ஒரே தாய் தகப்பன்தானே, ஏன்?" குருதிப் புற்றுநோய் வந்த குடும்பங்களில் எழும் கேள்வி இது. இதற்கான விடை மனித இனத்தைவிடப் பழமையானது.

எமது 6ஆம் நிறமூர்த்தத்தில் எச்.எல்.ஏ. எனப்படும் பரம்பரையலகுகள் உள்ளன. இவை ஆக்கும் புரதங்கள், கலத்தினுள் இருப்பவற்றின் சிறு துண்டுகளைக் கலத்தின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. அத்துண்டு வைரசுக்குரியதாயின், வெண்குருதிக் கலங்கள் அக்கலத்தை அழித்துவிடும். அந்நியமான எச்.எல்.ஏ.யைக் கண்டாலும் அவை தாக்கும். மாற்றுச் சிகிச்சையின் சிக்கல் இதுவே.

மனிதரிடையே எச்.எல்.ஏ.யில் பல்லாயிரம் வகைகள் உண்டு. எந்த ஒரு வகையும் எல்லாக் கிருமிகளையும் காட்டிக்கொடுக்காது. எல்லோரிடமும் ஒரே வகை இருந்தால் ஒரு தொற்றுநோயே அனைவரையும் வீழ்த்திவிடலாம். பல வகைகள் இருந்தால் சிலராவது தப்புவர்.

மனிதரும் சிம்பன்சிகளும் சுமார் 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தோம். ஆயினும் இவ்வகைகளில் சில அப்பிரிவுக்கும் முந்தியவை. அதனால் ஒருவரின் எச்.எல்.ஏ. வகையொன்று, பக்கத்து வீட்டுக்காரரின் வகையைவிடச் சிம்பன்சியின் வகையை ஒத்திருக்கலாம்! ஆனால் சிம்பன்சிகளிடம் சில எச்.எல்.ஏ. தொகுதிகளின் பன்மை மனிதரிலும் குறைவு. எச்.ஐ.வி.யின் உறவு வைரசு ஒன்று 20 முதல் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவற்றைத் தாக்கியிருக்கலாம், தப்பியவற்றின் வாரிசுகளே இன்றுள்ளவை என நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் கருத்து வெளியிட்டனர்.

எம்மைக் காக்கும் இதே பன்மைதான் பொருத்தம் தேடுகையில் தடையாகிறது. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் கிடைப்பதால், ஒரு சகோதரர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதமே. பொருந்தாவிட்டால் பதிவேட்டில் தேடவேண்டும். ஒரே பூர்வீகத்தைச் சேர்ந்தவர்களிடமே பொருத்தம் கிடைக்கும் சாத்தியம் அதிகம். அமெரிக்கப் பதிவேட்டின் கணக்கின்படி, முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 சதவீதம், ஆசிய, பசிபிக் மக்களுக்கு 47 சதவீதம். தமிழ் நோயாளிக்குத் தமிழர் பதிவுசெய்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

இங்கு 1974இல் ஆரம்பிக்கப்பட்ட அந்தோனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயதுவரை சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் போதும். பின்னர் அழைப்பு வந்தாலும், பெரும்பாலானோர் குருதி கொடுப்பதுபோலக் கையிலிருந்தே ஸ்டெம் செல்களை வழங்குகின்றனர். அதற்கு முன் சில நாட்கள் ஊசி போடப்படும். சிலரிடம் மட்டும் மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பர். முள்ளந்தண்டைத் தொடுவதில்லை, பெற்றோர் பயப்படவேண்டாம்.

ஐம்பதைக் கடந்த எம்மால் இனி அங்கு பதியமுடியாது. ஆனால் ஹவுன்ஸ்லோவில் எமது வீடுகளில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவர்களிடம் இதைச் சொல்வோம்.