நீருக்கு வழி செய்த பின்பே விதை: தாம்பரம் பகுதியில் புதிதாகத் தோட்டம் போடுவோருக்கு

தாம்பரம், வண்டலூர், முடிச்சூர், மேடவாக்கம் வட்டாரங்களில் ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்தில் காய்கறியும் கீரையும் பயிரிட முனைவோர் முதலில் விசாரிப்பது விதையையும் உரத்தையும்தான். ஆனால் இப்பகுதியில் புதுத் தோட்டத்துக்குப் பெரும் சோதனை உரக்குறைவு அன்று. சித்திரையில் நீர் போதாமையும் ஐப்பசியில் நீர் தேங்குவதுமே ஆகும்.

தோட்டத்தின் அளவைக் கோடையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வெயில் காலத்தில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லி மீட்டர் அளவு நீர் என்று கொண்டால், ஒரு சென்டுக்குச் சுமார் 200 லிட்டர் ஆகிறது. ஐந்து சென்டுக்கு 1,000 லிட்டர். வைகாசியில் கிணறு இவ்வளவு தருமா என்பதைப் பார்த்த பிறகே நிலத்தைக் கொத்துவது நலம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டன. அப்படிப்பட்ட ஆண்டில் இரண்டு சென்டை நன்றாகக் காப்பாற்றுவது, பத்து சென்டைக் காயவிடுவதைவிட மேல்.

நீர் மிகும்போது நிலைமை வேறு. 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 4,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர் நீரில் மூழ்கியது. அத்தகைய வெள்ளத்துக்குப் பாத்தி ஈடு கொடுக்காது. ஆயினும் ஆண்டுதோறும் வரும் அடைமழைக்கு ஈடு கொடுக்கும்படி அமைக்கலாம். மூன்றடி அகலத்தில், அரையடி உயரத்தில் மேட்டுப் பாத்தி கட்டி, பாத்திகளுக்கு இடையே ஓர் அடிக்கு வாய்க்கால் விட வேண்டும். எல்லா வாய்க்கால்களும் நிலத்தின் தாழ்ந்த மூலைக்குச் சரிந்து, அங்கிருந்து நீர் வெளியேற வேண்டும். குழிப்பாத்தி கோடைக்கு நன்று. புரட்டாசிக்குள் அதை மேடாக்கி விடுதல் அவசியம்.

மேட்டு நிலங்களில் சரளை கலந்த செம்மண் காணப்படும். இதில் நீர் விரைவாக இறங்கும், போட்ட சத்தும் கூடவே இறங்கும். ஆகவே மேலுரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இட வேண்டும். சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் அடியுரமாகக் கலந்தால் மண் ஈரம் பிடிக்கும். பச்சைச் சாணத்தை அப்படியே போடுவது கறையானுக்கு விருந்து வைப்பதாகும்.

வீட்டு மனைகளை அடுத்த நிலத்தில் சிமெண்டு, சுண்ணாம்பு இடிபாடுகள் புதைந்திருப்பது உண்டு. அங்கே இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு என்று கொள்ளலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளிப்பது பயன் தரும். இடிபாட்டைப் பொறுக்கி அகற்றாதவரை இது தற்காலிகப் பரிகாரமே. சதுப்பு நிலத்தையும் கடற்கரையையும் ஒட்டிய பகுதிகளில் நீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பாத்தி காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தால் உப்பு ஏறுகிறது. காட்டாங்கொளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், நீர் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம்.

ஆடிப்பட்டம் என்று எல்லோரும் சொல்வதுண்டு. இங்கே அதன் பொருள், பயிர் மழைக்கு முன் பலன் தந்துவிட வேண்டும் என்பதே. ஆடி முதல் வாரம் ஊன்றிய வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பருவமழை வலுக்குமுன் பெரும்பகுதி கையில் வந்துவிடும். ஆவணிக் கடைசியில் ஊன்றினால் காய்க்கும் நேரத்தில் வேர் நீரில் நிற்கும். முளைக்கீரை 25 நாள் பயிராதலால் புரட்டாசி முதல் வாரத்தோடு விதைப்பை நிறுத்திவிட்டு, தை பிறந்ததும் மீண்டும் தொடங்கலாம். சென்டுக்கு 10 கிராம் விதை போதும். மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். இடையில் உள்ள கார்த்திகையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கத்தரி, மிளகாய் நாற்றுகளைக் கூரை நிழலில் தட்டுகளில் வளர்த்தால் தையில் நடவுக்குத் தயாராகும். நாற்றழுகல் வராதிருக்க விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்ய வேண்டும்.

மழை விட்டதும் செடி மஞ்சளாவதைக் கண்டு உடனே உரம் போடுகிறார்கள். மூச்சு முட்டிய வேர் அதை எடுக்காது. முதலில் வாய்க்காலைத் திறந்து விட வேண்டும். மண் கையில் ஒட்டாத பதம் வந்தபின் லேசாகக் கொத்திவிட்டு, லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து இலைவழி தெளித்தால் செடி தேறும்.

பூச்சிக்கு முதல் மருந்து வேம்பில் இருக்கிறது. அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கிச் சிறிது காதி சோப்பு கரைத்து மாலையில் அடிக்கலாம். அசுவினி, வெள்ளை ஈ குறையும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளோடினால் எந்த மருந்தும் பலிக்காது. அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். வேப்பங்கொட்டை ஆனி, ஆடியில் மரத்தடியிலேயே கிடைக்கும். நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைத்தால் பூசணம் பிடிக்காது.