சுவிஸ் மலை ரயில்களைக் காணும் முறை

சுவிட்சர்லாந்துக்குச் செல்வோரில் பெரும்பாலோர் கூரைவரை கண்ணாடி பொருத்திய உல்லாச வண்டியில் ஏறி, வழியில் எங்கும் இறங்காமலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகத் திருப்தியடைந்து திரும்புகிறார்கள். ரயில் பாதையையே தரிசிக்க விரும்புகிறவர், நாடு முழுவதையும் சுற்றிவிடும் ஆசையை முதலில் துறந்துவிட்டு, தென்கிழக்கே கிரௌபுண்டன் மாகாணத்தின் ஆல்புலா பாதையையும், அதற்கு மேற்கே ஃபுர்க்கா நீராவி ரயிலையும் மாத்திரம் தேர்ந்துகொள்வது உசிதம்.

அடுத்தது டிக்கெட். அயல்நாட்டவர்க்கென்றே விற்கப்படும் சுவிஸ் டிராவல் பாஸ் மூன்று நாளிலிருந்து பதினைந்து நாள்வரை பல கால அளவுகளில் கிடைக்கிறது. நினைத்த நிலையத்தில் இறங்கி ஏறுவதற்கு அதுவே சௌகரியம். ஆல்புலா பாதையில் ஓடும் உல்லாச வண்டியான பெர்னினா எக்ஸ்பிரஸுக்குத் தனிக் கட்டணம் செலுத்தி ஆசனம் பதிவு செய்வது கட்டாயம். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டிக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. சாதாரண வண்டியே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

கூர் நகரில் வண்டி ஏறியதும் வலப்புற ஜன்னலருகே அமர்க. ஃபிலிசூரை நெருங்குகையில், 1902-ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட, 65 மீட்டர் உயரமும் ஆறு வளைவுகளும் கொண்ட லாண்ட்வாசர் பாலத்தின் மீது வண்டி வளைந்து திரும்பி, எதிரே செங்குத்தாக நிற்கும் பாறையின் குகைக்குள் நேரே நுழைந்துவிடும். அந்தக் காட்சி சில விநாடிகளே நீடிப்பதால், ஃபிலிசூரில் இறங்கி, காட்டுப்பாதையில் நடந்து பாலத்தின் அடிவாரத்துக்குச் சென்று, அண்ணாந்து பார்த்து, அடுத்த வண்டி கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். கல் தூண்களைச் சாரக்கட்டு இல்லாமலே எழுப்பினார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் நம்பத் தோன்றும்.

பிறகு பெர்கூன். அங்குள்ள ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியிலேயே பிரேடாவுக்கு ஏறிச் சென்று, அங்கிருந்து நடந்து இறங்குக. ஏற்றத்தில் நடப்பது வீண் சிரமம். இவ்விரு ஊர்களுக்கும் இடையே நேர்த்தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டரே ஆயினும் 400 மீட்டருக்கு மேல் உயர வேண்டியிருப்பதால், ரயில் பாதை மலைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு 12 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. கீழே குகைக்குள் மறைந்த வண்டி, சற்று நேரத்தில் நம் தலைக்கு மேல் எதிர்த்திசையில் ஓடக் காணலாம்.

கூர் வழியாகத் திரும்பி, டிசென்டிஸ், ஆண்டர்மாட் மார்க்கமாக ரேயல்ப் சேர்ந்தால் ஃபுர்க்கா ரயில். கோடையில் குறிப்பிட்ட தினங்களில் மட்டுமே ஓடுவதால் அட்டவணையைப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளவும். 1982-ல் புதிய சுரங்கம் திறந்ததும் கைவிடப்பட்ட இந்தப் பாதையைத் தொண்டர்கள் மீட்டெடுத்து, வியட்நாமுக்கு விற்கப்பட்டுப்போன பழைய எஞ்சின்களையும் 1990-ல் திரும்பக் கொணர்ந்தார்கள். பனிச்சரிவுக்கு அஞ்சி ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்துக்கு முன் மடக்கி வைக்கப்படும் ஸ்டெஃபன்பாக் பாலம் ரேயல்பை விட்டுப் புறப்பட்டபின் வருகிறது.

மேட்டுப்பாளையம், குன்னூர் மலை ரயிலில் சென்றவர்களுக்கு இங்கே ஒரு பரிச்சயம் உண்டாகும். தண்டவாளங்களின் நடுவே ஓடும் பற்பாதை இரண்டிடத்திலும் ரோமான் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்ததே. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் வின்டர்தூர் தொழிற்சாலையில் பிறந்தவையே. பற்பாதையில் ஏறும்போது, சக்கரங்களை ஓட்டி முடித்த நீராவியே மறுபடியும் வேறு இரு சிலிண்டர்களுக்குள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது.

ஃபுர்க்கா பாதையின் மறுகோடியான ஓபர்வால்டில் இறங்கியபின் திரும்புவதற்குக் கவலை வேண்டாம். நீராவி ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மலையை, சுரங்க வழியே செல்லும் சாதாரண வண்டி அரைமணிக்குள் கடந்து ரேயல்பில் சேர்த்துவிடும்.