எட்டு வயது வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கதை கதையாகச் சொல்வான். புத்தகத்தை எடுத்தால் மட்டும் வயிற்றுவலி. நேற்று படித்த எழுத்தை இன்று கேட்டால் திருதிருவென விழிக்கிறான். டீச்சர் 'சோம்பேறி' என்கிறார். மாமியாரோ, 'இவன் அப்பனும் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும்' என்கிறார். விசாரித்தால், எட்டு வயதானால்தான் டிஸ்லெக்ஸியா சான்றிதழ் தருவார்களாம். அதுவரை பொறுக்கலாமா?

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பொறுக்க வேண்டாம். வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அப்பாவுக்கும் இருந்தது என்றால் மகனைச் சீக்கிரமே கவனிக்க வேண்டும்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒலிகள் தெளிவாக விழாது; எழுத்தும் நிற்காது.

அது சரியாக இருந்தால், புத்தகமே இல்லாமல் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். 'மாமரத்தில் மாவை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?' 'பட்டத்தில் ப-வுக்குப் பதில் க போட்டால்?' மரம், கட்டம் என்று இந்த வயதுப் பிள்ளைகள் பலர் சொல்லிவிடுவார்கள். கதை சொல்வதில் கெட்டிக்காரனான பிள்ளை இங்கே தொடர்ந்து திணறினால், சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதில் சிக்கல் இருக்கலாம். டிஸ்லெக்ஸியாவின் வேர் பெரும்பாலும் அங்கேதான். ல-ள-ழ, ர-ற குழப்பம் இந்த வயதில் எல்லோருக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நம் எழுத்திலும் ஒரு சிரமம் உண்டு. 'கே' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, வாயிலோ 'க்' ஒலிதான் முதலில். 'கோ'வில் முன்னே கொம்பு, பின்னே கால். மற்றப் பிள்ளைகள் பழக்கத்தில் பிடித்துக்கொள்வதை உங்கள் மகனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டித் தர வேண்டியிருக்கும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவை. அதை எட்டு வயதில் வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். எட்டு வயது வரை காத்திருக்கும் பிள்ளை பாடத்தில் பின்தங்குவதோடு, 'நான் மக்கு' என்று நம்பவும் தொடங்கிவிடுகிறான். அந்த நம்பிக்கையை மாற்றுவது எழுத்துச் சொல்லித்தருவதைவிடக் கடினம்.

இதற்கு மருந்தோ டானிக்கோ கிடையாது. 'ஞாபகசக்தி மாத்திரை' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். முறையான பயிற்சிதான் சிகிச்சை. தினமும் இருபது நிமிடம் போதும். தட்டில் மணலைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் ஒரே எழுத்தை எழுதட்டும். அது நன்றாகப் பதிந்த பிறகே அடுத்த எழுத்து. பத்துமுறை பார்த்து எழுதச் சொல்வதால் கை வலிப்பதுதான் மிச்சம்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். கவனக்குறைவும் சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

டீச்சரிடம் சண்டை வேண்டாம். வகுப்பின் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்லாமல், தெரிந்ததை வாயால் சொல்ல விடும்படி கேளுங்கள். வீட்டில் அவனுடைய பாடங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எழுத்து கைவருவதற்குள் அறிவியலும் கணக்கும் அவனை விட்டுப் போய்விடக் கூடாது.