மின்னூலில் படமும் பாதையும்

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சீறாப்புராணமும் மின்னூலாகியிருப்பதைக் காண்கிறோம். தட்டச்சிட்ட பாடல் கோப்பினுள்ளேயே தங்கும். அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல்களின் பக்கங்களையோ நாம் பெரும்பாலும் படமாகவே சேர்க்க வேண்டியுள்ளது. இணையப்பக்க வடிவிலமைந்த நூற்கோப்பில் படம் பொதுவாக இராது. அதன் இருப்பிடத்தைக் கூறும் பாதையே இருக்கும். 'சி' வட்டில் தொடங்கும் முழுப்பாதையை எழுதினால், பிறர் கணினியில் வெற்றுக் கட்டமே தோன்றும். ஆகவே நூலையும் படங்களையும் ஒரே கோப்புறையில் வைத்து, அங்கிருந்தே தொடங்கும் சார்புப் பாதையைத் தருதல் வேண்டும். லினக்சில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாதலின், கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்திலேயே அமைத்தல் நலம். கடம்பத்தூர்ப் பகுதி மாணவர்கள் தம் இல்லத்துப் பழைய நூல்களைப் படமெடுத்து மின்னூலாக்கும்போது இவற்றை மறவாதிருத்தல் வேண்டும். பாதை பிழைத்தால், நாம் அரிதிற் காத்த பக்கமும் படிப்பவர் கண்ணுக்கு எட்டாது.