சோற்றை இறைக்கும் பிள்ளையும் துடைக்கும் துணியும்

கேள்வி: இரண்டு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக்கு வந்தால் ஊட்டுவதும் துடைப்பதும்தான். இதில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது?

பதில்: அலுப்பு உங்களுக்கு மட்டும் இல்லை. உளவியலாளர் டேனியல் கானமனின் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் முந்தைய நாளை நினைவுகூர்ந்தபோது, பிள்ளை பார்ப்பது இன்பப் பட்டியலில் கீழேதான் வந்தது. அதைப் பிள்ளையின் குற்றமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 2010இல் உளவியலாளர்கள் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் இருவரும் கண்டது இது: விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி, நாம் செய்கிற வேலையில் மனம் இருப்பதில்லை, அப்போது மகிழ்ச்சியும் குறைகிறது. ஊட்டும்போது நம் மனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது (கைபேசியைச் சொல்லவே வேண்டாம்). புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, குழந்தை சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்வதைப் பெரும்பேறாகப் பாடினான் என்றால், அவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

அரசனுக்குத் தரை துடைக்க ஆள் இருந்ததே என்பீர்கள். நியாயம்தான். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் இந்தியப் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள், ஆண்கள் 97. களைத்த உடம்பில் கவனம் நிற்காது. ஆகவே துணியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டு வேளையில் மட்டுமாவது பிள்ளைகளோடு சும்மா உட்காருங்கள். மற்ற வேளைகளில் அலுத்தால் அலுக்கட்டும்.