பழுதும் பதிவும்

பொறி எதுவாயினும் ஒருநாள் பழுதுறுதல் இயல்பு. அப்பழுது நேர்ந்த காரணத்தை ஆராய்ந்து, மீண்டும் அது நேராவண்ணம் காப்பதே அறிவுடைமை. அவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாய் அமைவது உண்மையான பதிவு. பதிவு பொய்க்குமாயின் ஆராய்ச்சியும் பொய்த்துவிடும். கணிப்பொறியின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974ஆம் ஆண்டில் டேண்டம் என்னும் நிறுவனம் தோன்றியது. வங்கி முதலிய இடங்களில் இரவும் பகலும் ஓயாது இயங்கவேண்டிய கணிப்பொறிகளை அது செய்து அளித்தது. ஓர் உறுப்புப் பழுதுற்றால் அதன் வேலையை மற்றோர் உறுப்பு ஏற்கும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. அத்தகைய பொறிகளும் சில வேளைகளில் நின்றுவிடுவது ஏன்? அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே என்னும் அறிஞர் இவ்வினாவிற்கு விடைகாண முற்பட்டார்.

வாடிக்கையாளரிடமிருந்து வந்த அறிக்கைகளை அவர் ஆராய்ந்தார். 2000க்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் 7 மாத காலத்தில் 166 முறை பழுது நேர்ந்ததாக அவை தெரிவித்தன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, புதியனவற்றுக்கே உரிய தொடக்கக் குறைகளால் விளைந்தவை. அவற்றை நீக்கி, எஞ்சியவற்றை அவர் வகைப்படுத்தினார். வன்பொருளால் நேர்ந்தவை 18 விழுக்காடே. மென்பொருளால் நேர்ந்தவை 25 விழுக்காடு. பொறியை இயக்குதல், பேணுதல் முதலிய பணிகளில் நேர்ந்த தவறுகளால் விளைந்தவையோ 42 விழுக்காடு! 1985ஆம் ஆண்டில் அவர் இம்முடிவை வெளியிட்டார்.

அறிக்கைகளின்படி கணக்கிட்டால், ஒரு கணிப்பொறி சராசரியாக 7.8 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பழுதுறும். நிறுவனத்திற்குப் பெருமை தரும் எண் அது. ஆயினும் கிரே அதனோடு அமையவில்லை. நேர்ந்தவை அனைத்தும் அறிக்கையில் இடம்பெறவில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். தம் தவறு வெளிப்படுமே என நாணி வாளாவிருத்தல் மனித இயல்பன்றோ? விடுபட்டவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்தபோது, 7.8 ஆண்டு 3.8 ஆண்டாகக் குறைந்தது. அவ்வெண்ணையும் அவர் மறையாது வெளியிட்டார்.

பழுதைக் கணிப்பொறியே தெரிவிக்கும் முறை பின்னர்ப் பரவியது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளம், ஒரு மென்பொருள் செயலற்றுப் போனால், பயன்படுத்துவோரின் இசைவைக் கேட்டு, அப்பழுதின் விவரங்களை மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு அனுப்பியது. கணிப்பொறியின் நினைவகத்தில் ஒருவருடைய சொந்தச் செய்திகளும் இருத்தல் கூடும். ஆதலின் இசைவு கேட்டல் இன்றியமையாதது. இவ்வாறு திரண்ட செய்திகளால் அரியதோர் உண்மை புலனாயிற்று. மென்பொருட் குறைகளுள் ஏறத்தாழ 20 விழுக்காடே, நேரும் பிழைகளுள் 80 விழுக்காட்டிற்குக் காரணம் என்று 2002ஆம் ஆண்டில் அந்நிறுவனத் தலைவர் ஸ்டீவ் பால்மர் எழுதினார். முதலில் திருத்தவேண்டியது எது என்பதைப் பதிவே காட்டிற்று.

நோயை மறைப்பவனுக்கு மருத்துவன் உதவ இயலாது. அதுபோலப் பழுதை மறைப்பவன் பொறியைத் திருத்த இயலாது. குறையை உள்ளவாறு எழுதிவைக்கும் நேர்மையே திருத்தத்தின் முதற்படியாகும்.