ஐஎஸ்ஓ 100 என்னும் விரதம்

“ஐஎஸ்ஓவை 100-க்கு மேல் ஏற்றினால் படம் கெட்டுப்போகும்.” புதிதாகக் கேமரா வாங்கியவர்களிடம் இதைவிட ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை இல்லை. ஏகாதசி விரதம்போல 100-ஐக் காப்பாற்றுகிறார்கள். அந்த விரதம் எத்தனை படங்களைப் பாழாக்குகிறது என்பதைத் புதுக்கோட்டை அருகே திருமயம் கோட்டையில் ஒரு நடை நடந்தாலே பார்த்துவிடலாம். மேலே பீரங்கி நிற்கும் மொட்டைப் பாறையில் கண்கூசும் வெயில். கீழே தெற்கு வாசலில், கருப்பரும் அனுமாரும் காவலிருக்கும் இடத்தில், அடர்ந்த நிழல். கேமராவில் மட்டும் இரண்டு இடத்திலும் அதே 100.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாசலின் உள்நிழலில் அப்பர்ச்சரை எஃப்/4-ல் வைத்து ஐஎஸ்ஓ 100-ல் எடுத்தால், ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டி வரலாம். அரை நொடி கை ஆடாமல் நிற்பது கடினம். நின்றாலும் எதிரே படியிறங்கி வருகிறவர் நமக்காக நிற்கப்போவதில்லை. ஸ்டாண்டு வைத்துக்கொள்ளலாமே என்றால், கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ஸ்டாண்டு விரிக்க முன் அனுமதி வாங்க வேண்டும். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றுங்கள். அதே வெளிச்சத்தில் 1/60 நொடி போதும். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும். தெரியட்டும்! புள்ளியை மென்பொருள் குறைத்துவிடும். கலைந்துபோன முகத்தை அதனால் உள்ளபடி மீட்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புள்ளிக்குக் காரணம் அந்த எண் அல்ல. சென்சாருக்கு வந்து சேர்ந்த வெளிச்சத்தின் பற்றாக்குறை. 100-லேயே இருட்டாக எடுத்து, வீட்டுக்குப் போய்க் கணினியில் வெளிச்சம் ஏற்றினால் அதே புள்ளிகள் அங்கேயும் முளைக்கும். பல கேமராக்களில் கூடுதலாகவே முளைக்கும்.

“கோட்டைக்கு என்ன செட்டிங், கோயிலுக்கு என்ன செட்டிங்?” என்று அட்டவணை கேட்பவர்கள் அடுத்த வகை. இடத்துக்கென்று செட்டிங் கிடையாது. முதலில் கேட்க வேண்டியது, எடுக்கப்போவது அசையுமா என்பதுதான். 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய மதில் எங்கும் ஓடிவிடாது. சாதாரண லென்ஸில் 1/125 நொடி தாராளம். நடந்து வரும் ஆளுக்கு, வெளிச்சம் இடம்கொடுத்தால், 1/250, ஓடும் ஆட்டுக்கு 1/500, மதிலிலிருந்து மதிலுக்குத் தாவும் குரங்குக்கு 1/1000 என்று வைத்துக்கொள்ளலாம். ஷட்டரை முடிவு செய்துவிட்டால், மிச்சத்தைக் கேமராவே ஆட்டோவில் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கையால் திருகினால்தான் உண்மையான புகைப்படக்காரர் என்பது வெறும் வீறாப்பு.

மலையுச்சியிலிருந்து ஊரையும் வயலையும் எடுக்கும்போது எஃப்/22-க்குப் போனால் எல்லாம் துல்லியமாக விழும் என்பார்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி அதன் ஓரங்களில் சிதறி, படம் முழுவதும் லேசாக மழுங்கும். எஃப்/8 வையுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் 1/400 பக்கம் வரும். பார்த்தீர்களா, 100-க்கும் ஓர் இடம் இருக்கிறது.

“சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்” என்பது ஃபிலிம் காலத்துப் பாடம். தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் ஊர் வானத்தைப் பார்க்காமல் சொன்னது. திருமயம் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 10 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் எப்படி வைப்பது? அந்த வெயிலில் முகம் எடுத்தால் கண் இருக்குமிடம் குழியாகத் தெரியும். பாறையின் சொரசொரப்பும் காணாமல்போகும். மார்கழியிலோ உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும். சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்கள் இருக்கும் தென்சரிவை வெளியிலிருந்து எடுக்க நல்ல மாதம் அதுதான். (கருவறைப் பக்கம் கேமராவை எடுக்காதீர்கள். பள்ளிகொண்ட பெருமாளைக் கண்ணால் சேவித்தால் போதும்.) வடக்குச் சாலையோரக் கோட்டை பைரவர் பக்கம் அந்த மாதத்தில் நிழலில் கிடக்கும்.

வெள்ளை வேட்டி எப்போதும் அழுக்காகவே விழுகிறதே என்பவர்கள் கேமராவைக் குறை சொல்கிறார்கள். எதிரில் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணி அளக்கும் மீட்டரின் குணம் அது. சட்டகம் நிறைய வெள்ளையிருந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். நிறைய கறுப்பிருந்தால் ஒரு படி குறையுங்கள். கூட்டியது சரியா என்பதை வெயிலில் நின்று பின்திரையைப் பார்த்து முடிவுகட்ட முடியாது. வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளையில் விவரம் போய்விட்டது என்று பொருள்.

மாலையில் பைரவர் முன் அகல் ஏற்றுகிறவர்களை, கேட்டுக்கொண்டு, எடுப்பதானால் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். விளக்கின் மஞ்சளை அது கொன்றுவிடும். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டாலும் கேமரா அந்த மஞ்சளைத் “திருத்த” முயலும். வெயில் குறியில் வையுங்கள்.

கடைசியாக, “எடிட் செய்வது ஏமாற்று வேலை” என்ற நம்பிக்கை. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் புதுக்கோட்டைச் சீமையைப் படமெடுத்தார். திருமயமும் அதில் உண்டு. மெழுகூட்டிய காகித நெகட்டிவில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி மேகம் வரைந்து சேர்ப்பது அவருக்கு வழக்கம். புகைப்படம் பிறந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலத்திலேயே எடிட்டிங் வந்துவிட்டது. நமக்குத் தூரிகை வேண்டாம். வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து, ரா கோப்பாக எடுத்தால், இருண்ட பாறையின் விவரத்தைப் பிறகு இழுத்து வரலாம். ஜேபெக்கில் அவ்வளவு இழுக்க முடியாது.